பாயின் பின்பிரேக் கம்பி

பாய்,

போன வாரம் சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் என்னைப் பெட்ரோல் திருடன் என்று பிடித்துவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட, தொப்பை வைத்த திருடன். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய பைக் ஒன்று சுவரோரம் நின்றது. பிரேக் கருகிய அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் என் கால் தானாக மடங்கிவிட்டது. பின்சக்கரத்தருகே குந்தி, பிரேக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரன் வந்து சட்டைக் காலரைப் பிடித்தான்.

"ஏனுங்க பெருசு, வயசான காலத்துல இதெல்லாம் ஒரு பொழப்புங்களா?"

பிடித்தது காலரை, ஆனால் 'ங்க' மட்டும் குறையவில்லை. நம் பக்கத்து மரியாதை அப்படி. உங்களால்தான் இந்தக் கேவலம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

நாமக்கல் தனி மாவட்டமாகியிருந்த புதிது. மலைமேல் வாழவந்தி நாட்டுக் கால்நடை மருந்தகத்தில் நான் ஊசிப்பெட்டி தூக்கும் உதவியாளன். நீங்களோ என்னை "டாக்டரே" என்றுதான் கூப்பிடுவீர்கள், அதுவும் நிஜ டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது கூடுதல் சத்தமாக. மிளகு வாங்க நீங்கள் புது வண்டியில் மலையேறுவீர்கள். வார விடுமுறைக்கு நான் உங்கள் மூட்டைக்கும் முதுகுக்கும் நடுவில் இன்னொரு மூட்டையாக ஒட்டிக்கொண்டு கீழே வருவேன். மலை உச்சியில் இஞ்சினை அணைத்துவிடுவீர்கள். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் பிரேக்கை மட்டும் நம்பி வழுக்கிக்கொண்டு வருவது. மலையில் வண்டி வைத்திருந்த அத்தனை பேருக்கும் அதுதான் பழக்கம்.

"எறக்கத்துல எஞ்சின் எதுக்குங்க டாக்டரே? மலையே நம்மளச் சும்மா கொண்டுபோயி உடுது" என்பீர்கள்.

அன்று ஒரு வளைவில் 'டப்'பென்று சத்தம். பிரேக்கை மிதித்த உங்கள் கால் வெறுமனே கீழே போயிற்று. வண்டியைப் பள்ளத்துக்கு விடாமல் மேட்டுப் பக்கம் திருப்பி மண்ணில் முட்டினீர்கள். நான் உண்ணிச்செடிக்குள் தலைகீழாக. நீங்கள் காறையெலும்பு முறிந்து ரோட்டில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"டாக்டரே, மாட்டு ஊசி ஏதாச்சும் போட்றாதீங்க" என்றீர்கள். அடுத்து, துண்டாகிக் கிடந்த பின்பிரேக் கம்பியைப் பார்த்தீர்கள். சிரிப்பு நின்றது. "வெள்ளையன் ஊட்லயும் இதே வண்டிதானுங்களே."

வெள்ளையன் மலை விவசாயி. மாசமாக இருந்த பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து, இதே போல இஞ்சினை அணைத்து, ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வருகிறவன்.

கட்டுப்போட்ட தோளோடு ஷோரூமுக்குப் போனோம். பவுடர் மணக்கும் மேனேஜர் புதுக் கம்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே பேசினான். ஆச்சரியப்படக்கூட இல்லை. "உங்களுக்கு ஃப்ரீயா மாட்டித் தர்றோம் பாய். வெளியில மட்டும் சொல்ல வேண்டாம்."

"இதுக்கு முந்தி யாருக்காச்சும் மாத்துனீங்களா?"

"சத்தம் போட்டவங்களுக்கு மாத்திருக்கோம்."

"அப்ப சத்தம் போடத் தெரியாதவன் சாவறதுங்களா?"

அவன் கலர் வாங்கிவரச் சொன்னான். வெட்கங்கெட்ட நான் என் பாட்டிலையும் குடித்தேன், நீங்கள் தொடாத பாட்டிலையும் குடித்தேன். அந்த இனிப்பு இன்றைக்கும் நாக்கை விட்டுப் போகவில்லை. கம்பி சொத்தை என்று அவர்களுக்குத் தெரியும். புது வருஷத்துக்கு மலை முழுக்க விலாசம் தேடி வந்து காலண்டர் கொடுத்த கூட்டம் அது. பிரேக் உடையும் என்று சொல்ல மட்டும் ஒரு விலாசமும் கிடைக்கவில்லை. சீ!

வெள்ளையன் நம்பவில்லை. நீங்கள் அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டீர்கள். அவன் என்னிடம் வந்து புலம்பினான்: "பாயிக்கு என் வண்டி மேல ஒரு கண்ணு சாமி. இது நாயமுங்களா?" அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குப் பஸ்ஸில்தான் இறங்கினாள், வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே.

நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், ஒரே குறை உள்ளவர்கள் பலர் சேர்ந்தே வழக்குப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். நஷ்டஈடு கேட்கலாமே என்று நான் ஆசைப்பட்டேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான்: இந்த வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவனிடமும் கம்பெனியே போய்ச் சொல்லி, கம்பியை மாற்ற வேண்டும்.

நமக்காகப் பேச எழுந்த நான் பாதி வாக்கியம்தான் சொல்லியிருப்பேன். கம்பெனி வக்கீல் என்னை ஈ மாதிரி ஒதுக்கிவிட்டு உங்களிடம் திரும்பினார். "இஞ்சினை அணைத்துவிட்டுத்தானே இறங்கினீர்கள்?"

இல்லை என்று சொல்லுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

"ஆமாங்க. அணைச்சுட்டுத்தானுங்க எறங்குனேன். அது என் தப்புதானுங்க. எஞ்சின் போறதுக்கு, பிரேக்கு நிக்கறதுக்கு. எஞ்சின அணைச்சா பிரேக்கு ஒடைஞ்சுக்கலாமுன்னு வண்டி வித்தப்ப யாரும் சொல்லலீங்களே?"

உத்தரவு நம் பக்கம் வந்தது.

மேனேஜர் ஜீப்பில், வாந்தி எடுத்துக்கொண்டே மலையேறி வந்தான். அந்தக் காட்சிக்காகவே நான் லீவு போட்டிருந்தேன். சந்தைத் திடலில் ஒலிபெருக்கியில் தன் வாயாலேயே அறிவித்தான். அங்கேயே ஒவ்வொரு வண்டிக்கும் பளபளவென்று கறுப்புக் கம்பி மாட்டினார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளையனும் வரிசையில் நின்றான். நீங்கள் அவன் சாவியைக் கொடுத்தீர்கள். "இனி எஞ்சின அணைச்சே, மறுபடி புடுங்கிருவேன்" என்றீர்கள். கிலி பிடித்திருந்த மலையே அன்றிலிருந்து முதல் கியரில் உறுமிக்கொண்டுதான் இறங்கியது. அதன்பின் ஒரு கம்பியும் உடையவில்லை.

சர்க்கரை நோய் உங்களைக் கொண்டுபோன அன்று, மையத்து அடக்கத்துக்கு வந்த வெள்ளையன் ஓரமாக நின்று அழுதான். என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரு வழக்குதான் பாய். நான் பேசியது பாதி வாக்கியம் என்றாலும், பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாணப் பந்தியில் அந்த ஷோரூமின் பழைய மெக்கானிக் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். மலையில் அன்றைக்கு மாட்டியதெல்லாம் அதே பழைய சரக்குக் கம்பிதானாம். பெயிண்ட் மட்டும்தான் புதிதாம். அந்தச் சொத்தைக் கம்பிகளை இத்தனை வருஷம் உடையாமல் காத்தது உங்கள் சாவி மிரட்டல்தான் பாய்.