கணினிக்குள் இருந்த தியாகராசா

தொண்டைமானாறு,
14.08.2025

அன்புள்ள பிள்ளை சுபாஜினிக்கு,

நானும் மனைவி பராசக்தியும் சுகம். உங்களுக்கும் சந்நிதி முருகன் துணை. செவ்வாய்க்கிழமை உளவள ஆலோசனைக்கு வராததற்குக் குறை நினைக்க வேண்டாம். போனில் சொன்னால் அதுவும் கணினிக்குள் போய்விடுமோ என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக நான் உங்களிடம் கதைத்ததையும், கைக்கடிகாரம் பதிந்த என் நித்திரை விவரத்தையும் போட்டு, என்னைப் போலவே பதில் சொல்லும் ஒன்றைக் கணினியில் வைத்திருப்பதாகப் போனமுறை சொன்னீர்கள். அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

மகன் ஜெயதீபன் கடலோடு போனதைச் சொல்லி நான் அழுத அன்று, “கடலை உங்களாலை மறிச்சிருக்கேலாது ஐயா” என்றீர்கள். அன்றுதான் விடியும்வரை நித்திரை கொண்டேன். அதைச் சொன்னது நீங்களா, அதுவா?

இப்படிக்கு,
க. தியாகராசா

சுன்னாகம்,
20.08.2025

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பதில் எழுதத் துணிவு வரவில்லை.

வசனம் என்னுடையது. ஆனால் அதோடு இன்னும் நாலு வசனங்களை முதலில் கணினியில் இருக்கும் உங்கள் மாதிரியிடம் சொல்லிப் பார்த்தேன். எதற்கு அது ஆறுதலடைந்ததோ, அதையே உங்களிடம் சொன்னேன். உங்களை நோகடித்துவிடுவேனோ என்ற பயம்தான். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேனே தவிர, ஒழுங்காக விளங்கப்படுத்தவில்லை. அது என் பிழை.

ஒரு சொல் எழுதுங்கள், அந்த மாதிரியை அழித்துவிடுகிறேன். வேறு ஆலோசகரிடம் போவதென்றாலும் நானே ஒழுங்கு செய்து தருகிறேன்.

அன்புடன்,
சுபாஜினி

தொண்டைமானாறு,
28.08.2025

அன்புள்ள பிள்ளைக்கு,

உண்மையை எழுதினீர்கள். நானும் எழுத வேண்டும்.

கணினியில் இருப்பவன் ஆறுதலடைந்திருப்பான். நான் உங்களுக்குச் சொன்னதுதானே அவனுக்குத் தெரியும். மகன் தானாகவே கடலுக்குப் போனான் என்று சொன்னேன். அது பொய். அன்று காலை அவன், “அப்பா, காத்துச் சரியில்லை, நாளைக்குப் போறன்” என்றான். “பயமெண்டால் சீலை கட்டிக்கொண்டு இரு” என்றேன். படகு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

எட்டு வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு பராசக்தியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“தெரியும். அண்டைக்கு நான் குசினிக்குள்ளை அடுப்படியிலைதான் நிண்டனான்” என்றாள்.

பிறகு கத்தியை வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

கணினியில் இருப்பவனை அழித்துவிடுங்கள் பிள்ளை. செவ்வாய் வருகிறேன். நோகிற மாதிரியே கேளுங்கள். பராசக்தியும் வருகிறாளாம்.

தியாகராசா