மணல்மேல் பதித்த முற்றம்

இன்று மதியம் முற்றத்தில் கடைசி வரிசைக் கல்லைப் புரட்டியபோது அந்த வாசனை வந்தது. மூன்று வருடம் மூடிக் கிடந்த மண்ணின் வாசனை. தோட்டத்தில் நின்றுவிட்டு நீங்கள் உள்ளே வரும்போது வேட்டியோடு கூடவே வருமே, அதே வாசனை. கையில் கல்லோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போகிற காற்று தென்னை ஓலைகளைத் தடவிக்கொண்டு போனது. எங்கோ பக்கத்தில் நீங்கள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

எதையும் தூர எறிய உங்களுக்கு மனம் வராது. சுனாமிக்கு அடுத்த வருடம் நாம் இந்த வீட்டைக் கட்டினோம். தபால் ஆபீஸ் வேலை முடிந்து வரும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, இடிக்கிற வீடுகளில் எல்லாம் ஜன்னலும் கதவும் விலை பேசி முடித்து வருவீர்கள். நம் சமையலறை ஜன்னல் யார் வீட்டுடையதோ, இன்றும் தெரியாது. மயிலாடிச் சிற்பக் கூடங்களில் கழித்த கல் சில்லுகளைச் சாக்கில் கட்டிவந்து, கிணற்றோரம் குழி தோண்டி நிரப்பி, மொட்டைமாடி மழையை அதில் விட்டீர்கள். அந்தச் சில்லுகளோடு மூக்குடைந்த சிங்கம் ஒன்றும் வந்தது. அதன் முதுகில்தான் இன்றும் துணி துவைக்கிறேன்.

“வீடு கட்டுகியளா, பழைய சாமான் வாங்குத ஆக்கர்கடை போடுகியளா?” என்று கேட்டேன்.

“ரெண்டுந்தான். நீ கல்லாவுல இரி” என்றீர்கள்.

மகளுக்கு நிச்சயம் வைத்தபோதுதான் நமக்குள் சண்டை வந்தது. என் தங்கை வீட்டைப்போல, சுவரிலிருந்து சுவர்வரை முற்றம் முழுக்கச் சிமெண்ட் கல் வேண்டும் என்றேன். அடியில் கான்கிரீட் போட்டு, அசையாமல் இருக்க வேண்டும்.

“மாப்ள வீட்டுக்காரவ சகதியில சவுட்டிட்டு வரணுமா?”

“ஏட்டி, வந்த மழைய உக்காரச் சொல்லாம அனுப்பிரப்பிடாது” என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தீர்கள். நான் பாத்திரத்தை உருட்டினேன். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் சரி என்றீர்கள். கல் பதித்த இரண்டு நாளும் நான் நாகர்கோவிலில் பட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால், கிணற்றோரக் குழியும் மூடிப்போய், முற்றம் கழுவி வைத்த தட்டுபோலக் கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கல்யாணம் முடிந்து, அடுத்த மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். அதன்பிறகு மழைநாளில் வராந்தாவில் உட்கார்ந்து, மொட்டைமாடித் தண்ணீரும் சேர்ந்து அந்தக் கற்கள்மேல் வழிந்து தெருவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நேரம் போவதே தெரியாது. கிணறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதும் தெரியவில்லை. இந்தச் சித்திரையில் வாளி முதல் தடவையாக அடியில் தட்டியது. எத்தனை கோடையிலும் நீங்கள் வற்றவிடாத கிணறு. இந்த வீட்டில் நீங்கள் விட்டுப்போனதில் உயிருள்ளது அது ஒன்றுதான். அதையும் நானே வாயடைத்துச் சாகடித்துவிட்டேன் என்று அழுதேன்.

போன வாரம், அன்று கல் பதித்த அதே கொத்தனாரை வரச் சொன்னேன். எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கம்பிப்பாரையைத் தொடவே இல்லை. வெறுங்கையால் ஒரு கல்லை அசைத்து உருவினார்.

“ஒடைக்க வேண்டாம் அக்கா. அடியில வெறும் மணலுதான்.”

“கான்கிரீட்டு போடணும்னுல்லா நான் சொன்னேன்?”

“அண்ணாச்சி வேண்டாம்னுட்டாவ. ‘அவளுக்கே ஒரு நாள் இது வேண்டாம்னு தோணும். அன்னைக்கு ஒரு கல்லும் ஒடையாம வரணும். அவகிட்ட சொல்லாண்டாம்’னாவ.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மூன்று வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். பிறகு அவரை அனுப்பிவிட்டு, தினமும் கொஞ்சமாக நானே எடுக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் கிணற்றோரம் உங்கள் குழி தெரிந்தது, சில்லுகள் வைத்தபடியே இருந்தன. முந்தாநாள் நல்ல மழை. தண்ணீர் தெருவுக்குப் போகவில்லை. முற்றத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. நேற்றுக் காலையில் வாளி விட்டேன், தட்டவில்லை.

நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட இதை உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. அன்றே சொல்லியிருந்தால், நாலு நாள் அதையே சொல்லிக் காட்டிச் சிரித்திருப்பீர்கள். சிரித்திருக்கலாம்.

எடுத்த கல் ஒன்றுகூட உடையவில்லை. அதில் கொஞ்சத்தை வைத்து, கேட்டிலிருந்து படிவரை ஒற்றையடி நடைபாதை மட்டும் போடலாம் என்று சாயங்காலம் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அதற்காவது அடியில் கான்கிரீட் போடட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம், மணலே போரும். நாளைக்கு மவளுக்கு இது பிடிக்காமப் போவும். அப்போ ஒடையாம வரணும்” என்றேன்.