ஆறாம் அத்தியாயத்துச் சொல்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உன் தம்பியும் இங்கே குத்துக்கல் மாதிரி திடமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். மூன்று தடவை சொல்ல ஆரம்பித்து மூன்று தடவையும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து பாதியில் நின்றுவிட்டது, அதனால்தான் பேனாவை எடுத்தேன், பேனாவாவது சிரிக்காமல் இருக்கும் அல்லவா. விஷயம் இதுதான், புத்தகம் தேர்வாகிவிட்டதடி! முந்நூற்று நாற்பது பள்ளி நூலகங்களுக்கு உன் அம்மா எழுதிய 'உடம்பு போடும் சத்தங்கள்' போகப்போகிறது, அதுவும் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல். இரு, இரு, முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருஷம் பதிப்பகத்து எடிட்டர் ஒருத்தி நம் பள்ளி நூலகத்துக்கு வந்தாளே, சின்னப் பெண், எப்போது பார்த்தாலும் காதில் பென்சில் செருகியிருப்பாள், அவளிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்கான அறிவுப் புத்தகம் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். ஓடவில்லை, இருபத்தாறு வருஷமாக அதே அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது, அட்டையில் ஒரு ராக்கெட்டையோ பூதக்கண்ணாடியையோ போட்டுவிட்டு உள்ளே பாடப்புத்தகத்தையே திருப்பி எழுதினால் எவன் தொடுவான் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "அப்ப நீங்களே ஒண்ணு எழுதித் தாங்கக்கா" என்றாள். கேலி என்று நினைத்தேன், மறுவாரம் ஒப்பந்தமே வந்துவிட்டது. எதைப் பற்றி எழுதுவது என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, உனக்குப் பதிமூன்று வயதில் பரீட்சை ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் உன் வயிறு கடமுடா என்று சத்தம் போட, பின் பெஞ்சில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நீ வீட்டுக்கு வந்து இனிமேல் பள்ளிக்கே போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாய். எதனால் அந்தச் சத்தம் வருகிறது என்று என்னைக் கேட்டாய். நூலகத்தில் சுற்றிலும் ஆயிரக்கணக்கான புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான், என்ன சொன்னேன் தெரியுமா, "ஒழுங்கா சாப்பிட்டா ஏன் வருது, போ" என்றேன். எனக்கும் தெரியாது, தெரியாததை மறைக்கத்தான் அந்த அதட்டல். அது இத்தனை வருஷமாக என்னை உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அதனால் முதல் அத்தியாயமே வயிற்று இரைச்சல்தான்.

எழுதுகிற காலத்தில் வீடு பட்ட பாட்டைக் கேட்காதே. ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரையும் ஒரு குடல் டாக்டரையும் விடாமல் துரத்தி ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வைத்தேன். அப்பாவின் மத்தியானத் தூக்கத்தைப் பதினோரு நாள் பதிவு செய்தேன், குறட்டையை வரைபடமாகப் போட்டபோது அது ஒரு மலைத்தொடர் மாதிரி வந்தது, ஓவியர் அதன்மேல் ஏறிப்போகிற குட்டி மனிதர்களை வரைந்துவிட்டார். உன் அப்பா முதலில் முறைத்தார், மானம் போகிறது என்றார். இப்போது லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற கட்டிடமெல்லாம், "மூணாவது அத்தியாயம் நான்தாங்க" என்று அறிமுகம் செய்துகொள்கிறார். கைப்பிரதியை ஒன்பதாம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன், அங்கே ஒரு நெட்டைப் பெண், நூலகத்துக்கு வந்தால் ஜன்னலை மட்டும்தான் பார்ப்பாள், அவள், "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன். "அப்ப படிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கே எனக்குப் பாதி ஜெயித்த மாதிரி.

ஆனால் வந்தது வினை. பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து ஒரு கடிதம், நூல் நன்று, பயனுள்ளது, ஆயினும் ஆறாம் அத்தியாயத்தில் முப்பத்தொரு இடங்களில் வரும் 'அச்சொல்லை' நீக்கினால் மட்டுமே பரிசீலிக்க இயலும் என்று. எந்தச் சொல் என்று எழுதக்கூட அவர்களுக்குக் கை கூசியிருக்கிறது. உனக்குப் புரிந்திருக்குமே, குசு. அதற்குப் பதில் 'அபான வாயு' என்று போடலாம் என்று யோசனை வேறு. முப்பத்தொன்று என்று எண்ணியிருக்கிறார்கள் பார், ஒருத்தர் விரல்விட்டு எண்ணி இன்னொருத்தர் சரிபார்த்திருப்பார் என்று நினைத்து நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் பதிப்பகத்துப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை பாவம், இந்தப் பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால் மறுபடி இப்படி ஒரு புத்தகம் போட அவளை விடமாட்டார்களாம். "அக்கா, ஒரே ஒரு வார்த்தைதானே, மாத்திடலாமா?" என்றாள். எனக்கும் ஒரு நாள் முழுக்க மனசு ஊசலாடியது, அபான வாயு என்று போட்டு ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். படித்தால் ஏதோ ராஜா மந்திரியோடு ஊர்வலம் வருகிற மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கு வருவது குசு, அவர்களிடம் போய் அபான வாயு என்றால் அது வேறு யாருக்கோ வருகிற வியாதி என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மாற்றமாட்டேன், நேரில் வந்து பேசுகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன்.

போன மாதம் முதல் செவ்வாய்க்கிழமை கூட்டம். நீளமான மேஜை, ஐந்து பேர், நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர், எல்லோரும் அவரைக் கறார் ஐயா என்றுதான் சொல்கிறார்கள், சிரித்துப் பார்த்தவர் கிடையாதாம். பதினொன்றரைக்குக் கூப்பிட வேண்டியவர்கள் ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள், யாரும் இன்னும் சாப்பிடவில்லை. ஒரு அம்மாள், "அறுபத்திரண்டாம் பக்கத்துல வர்ற அந்த இது" என்று ஆரம்பித்தார். இன்னொருவர் "அந்த விஷயம்" என்றார். மூன்றாமவர் தொண்டையைக் கனைத்தே காட்டினார். நான் சொன்னேன், ஐயா, பெரியவர்கள் நாமே வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டால் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள், தெரியாததை நாம் அதட்டல் போட்டு மறைக்கிறோம், என் மகளை நானே அப்படி அதட்டியிருக்கிறேன் என்று உன் பரீட்சை ஹால் கதையைச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. சொல்லி முடித்ததும் ஒரே நிசப்தம். அந்த நிசப்தத்தில் கறார் ஐயாவின் வயிறு பேசியது பார்! சாதாரணச் சத்தம் இல்லை, மரப்பெட்டியை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி ஆரம்பித்துக் கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது. ஆளாளுக்கு மேஜையைப் பார்த்தார்கள். அந்த அம்மாளின் தோள் மட்டும் குலுங்கியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு செத்துப் பிழைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இது எத்தனாவது பக்கம்மா?" என்றார். ஒன்பதாம் பக்கம் ஐயா என்றேன். எடுத்துப் படித்தார், எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வயிறு காலியானதும் தன்னைத் தானே கூட்டிப் பெருக்கிக்கொள்கிறது, மிச்சம் மீதியையும் காற்றையும் தசைகள் கீழே தள்ளுகின்றன, உள்ளே சத்தத்தை அமுக்கச் சாப்பாடு இல்லாததால் வெளியே நன்றாகக் கேட்கிறது என்ற இடம் வரைக்கும். படித்துவிட்டு, "நாப்பது வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன், சாப்பாட்டுக்கு முந்தின பீரியட்ல வயித்தைப் புத்தகத்தால அமுக்கிக்கிட்டேதான் நிப்பேன். ஏதோ எனக்கு மட்டும் வர்ற கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான், அந்த அம்மாள் அடக்கமாட்டாமல் சிரிக்க, கனைத்தவர் சிரிக்க, கடைசியில் கறார் ஐயாவே சிரித்துவிட்டார், அவர் சிரித்தால் அழுகிற மாதிரி இருக்கிறது, அதைப் பார்த்து எங்களுக்கு இன்னும் சிரிப்பு. முடிவு எழுதுகிற குமாஸ்தா மட்டும் கடமை தவறாமல், "ஐயா, அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள்ள போடட்டுமா?" என்று கேட்டார். "எதுக்கு? தமிழ்ச் சொல்தானே, சும்மாவே நிக்கும், எழுதுங்க" என்றார் ஐயா. எழுதிவிட்டார்கள், அரசாங்க முத்திரையோடு!

இதைவிடப் பெரிய செய்தி இனிமேல்தான். அச்சான கையோடு நம் பள்ளிக்கு வந்த முதல் பிரதி நான்காம் நாளே திருடு போய்விட்டது. அந்த அலமாரியில் இருபத்தாறு வருஷத்தில் காணாமல் போன முதல் புத்தகம், என் புத்தகம்! நான் இரண்டு அலமாரிக்கு நடுவில் ஒரு சுற்று ஆடியேவிட்டேன், விளையாட்டு வாத்தியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். எடுத்தவர்மேல் நடவடிக்கை என்று அறிவிப்பு ஒட்டச் சொன்னார் தலைமையாசிரியை. 'எடுத்தவர் படித்து முடித்ததும் அடுத்தவரிடம் கொடுக்கவும்' என்று ஒட்டினேன். நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் நம் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர், பழுப்பு அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கிக்கிக்கி என்று ஒரே சிரிப்பு. கணக்குக்கு யார் இப்படிச் சிரிப்பார்கள் என்று எட்டிப் பார்த்தால் உள்ளே நம் நூலக முத்திரை. நடுவில் இருந்தவனுக்கு அரும்பு மீசை, குரல் உடைகிற வயசு, அவன்தான் வாசித்துக்கொண்டிருந்தான், ஏழாம் அத்தியாயம், குரல்நாண் நீண்டு தடிக்கிறது, அதை எப்படி ஓட்டுவது என்று மூளை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது, அதனால் நடுவில் குரல் சறுக்கும் என்கிற வரி. 'சறுக்கும்' என்கிற இடத்திலேயே அவன் குரல் கீச்சென்று மேலே போய்விட்டது. மற்ற இரண்டும் சுருண்டு விழுந்தன. பிள்ளை கூனிக்குறுகிவிடுவானோ என்று பயந்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா, "பாத்தியாடா, புத்தகத்துல போட்ட மாதிரியே வருது!" என்று அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, அந்த வரியை வேண்டுமென்றே இன்னொரு தடவை வாசித்தான். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அடுத்ததும் போய், மூன்றாவதில் இறங்கித் திரும்பி நடந்தே வந்தேன், கால் வலித்ததாகவே நினைவில்லை.

உனக்கும் ஒரு பிரதி தனியாக அனுப்புகிறேன், போன பார்சல் மாதிரி திரும்பி வராமல் இருக்க வீட்டு எண்ணைச் சரியாக எழுதி அனுப்பு. பல் டாக்டரிடம் போகிறேன் போகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாய், போ. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்பும் மனசும் நிறைந்து, இருக்கிற இடத்தில் எல்லோருக்கும் வேண்டியவளாக நீ நூறு வருஷம் வாழவேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு அச்சுப்பிழை இருக்கிறது, நீ கண்டுபிடித்துவிடுவாய், தம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதே, வருஷம் முழுக்க என்னைக் கேலி செய்வான்.

சிரித்துச் சிரித்தே இதை எழுதி முடித்த,
உன் அம்மா