தாத்தா வண்டி

ஏங்க,

சோறு அடுப்பு மேலே இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். என் ரேஸ் பைக்கைக் கொடுத்துவிட்டு, தூரப் பயணத்துக்கான டூரிங் பைக் நான் எடுத்தது எடுத்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் முன்னாலேயே "இது தாத்தா ஓட்டுற வண்டி"ன்னு சிரித்தீர்கள். நன்றாகச் சிரியுங்கள். பழைய வண்டியின் பின்சீட் உள்ளங்கை அளவுதான் என்று சொல்லியே நீங்கள் ஒரு நாளும் என் பின்னால் ஏறி வந்ததில்லை. இதில் சோபா மாதிரி சாய்ந்து உட்காரலாம். இனி என்ன சாக்கு சொல்வீர்கள், பார்க்கிறேன்.

உங்கள் ஹெல்மெட் ஃபிரிட்ஜ் மேலே. வேலை முடிந்து வந்து வாசலில் ஹார்ன் அடிப்பேன். ஒரு தடவைதான்.

பி.கு.: உங்கள் அம்மா காலையிலேயே பின்னால் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டார். "அவன் வரலன்னா நான் வரேன்"னார். ஹெல்மெட் அவருக்கும் சரியாக இருக்கிறது.