இரண்டாம் குரல்காரிக்கு

உன் முகம் இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. ஒரு பக்கம் மாதா சுரூபம், மறுபக்கம் என் பிரஷர் மாத்திரை டப்பா, நடுவில் நீ. உன் மகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இசைத்தட்டு. கெட்டியான சதுர அட்டை. புதுப் பாடப்புத்தகத்தைப் பிரித்தால் வருமே, அந்தப் பசை வாசனை. உள்ளே கறுப்பாக ஒரு தட்டு. அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி எங்கள் வீட்டில் கிடையாது, செலியமேட்டில் யார் வீட்டிலும் கிடையாது. அதனால் நீ சும்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாய். நான் உன்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பேன். மருமகள் ஸ்டெல்லா அடுப்படிக்கு வரும்போதெல்லாம் நேராக்கிவிடுவாள்.

"இன்னாத்துக்கு அத்தை அவங்கள செவுத்தப் பாக்க வைக்கிறீங்க? எவ்ளோ அழகா இருக்காங்க."

அழகாகத்தான் இருக்கிறாய். அதுதான் வயிற்றெரிச்சல். தலை முழுக்க வெள்ளை, அதை அப்படியே விட்டிருக்கிறாய். உதட்டில் சிவப்புச் சாயம். வாய் நிறையச் சிரிப்பு, பக்கவாட்டில் விழுந்த பல்லைக்கூட மறைக்கவில்லை. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தனித்தனியாக விளக்குப் பிடித்துப் படம் எடுத்திருப்பார்கள் போல. எனக்கு எழுபது வயது என்றால் மூட்டுவலி. உனக்கு எழுபது வயது என்றால் ஆல்பம். செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று போய் வரிசையில் நின்றேன். சாமியாரும் உன் பாட்டை ஃபோனில் வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள், திரும்பி வந்துவிட்டேன்.

முதல் குரல் யாருடையது? அதை மட்டும் நீயே சொல்.

கோயில் பாட்டுக்குழுவில் சேர்ந்த அன்றைக்கு வாத்தியார் நம் இரண்டு பேரையும் ஆர்மோனியத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்திப் பாடச் சொன்னார். என் குரல் சொன்ன இடத்துக்குப் போய் ஏறி உட்கார்ந்தது. உன் குரல் பாதியில் நின்று யோசித்தது. "நீ முதல் குரல், நீ ரெண்டாங் குரல்" என்று அப்போதே முடிந்துபோயிற்று. முதல் குரல் என்றால் பாட்டின் மெட்டு, சனங்கள் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுப்பது அதைத்தான். இரண்டாம் குரல் அதற்கு அடியில் இன்னொரு வழியாக வரும். சேர்த்துக் கேட்டால் பாட்டு நிறைந்து இருக்கும். தனியாகக் கேட்டால் யாரோ மெட்டை மறந்துவிட்டுத் தடவுகிற மாதிரி இருக்கும். நீ அதை முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டாய். எனக்கு அன்றைக்கு உன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

நம் கோயிலில் எந்தப் பாட்டுக்கும் ஒரே வழக்கம்தான். முதல் வரியை முதல் குரல் தனியாக எடுக்கும். இரண்டாவது வரியில் இரண்டாம் குரல் வந்து சேரும். வில்லியனூர் திருவிழாவுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் முதல் வரி கேட்டதும் கூட்டம் திரும்பிப் பார்க்கும். பார்ப்பது என்னை. நீ பக்கத்தில் என் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு, உன் வரிக்குக் காத்துக்கொண்டிருப்பாய். பூரணாங்குப்பத்திலிருந்து வந்த பெண்கள் "எந்தப் பொண்ணு? அந்த நெட்டையா, குட்டையா?" என்று கேட்டு, நெட்டைதான் என்று தெரிந்ததும் என் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். குட்டையை யாரும் தொடவில்லை. இதையெல்லாம் அந்த அட்டையில் எழுதினார்களா?

அந்தக் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? எனக்கு அம்மை போட்டு வீட்டில் வேப்பிலைக்கு நடுவே கிடந்தேன். பாடுவதற்கு நீ மட்டும் போனாய். வாத்தியார் ஆர்மோனியத்தில் முதல் வரியை வாசித்தார், நீ வாயே திறக்கவில்லை. சரி, பயந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தபோது இரண்டாவது வரியில் ஆரம்பித்தாய். அதுவும் இரண்டாம் குரலில். பாலன் பிறந்த பாட்டா, துக்கப் பாட்டா என்று தெரியாமல் சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். "இன்னா பாட்டுடா இது?" என்று ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டுவிட்டாராம். பொங்கல் வரைக்கும் ஊருக்கு அதுதான் சிரிப்பு. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன், மெட்டுதான் உனக்குத் தெரியுமே, பாடித் தொலைப்பதற்கு என்ன என்று.

"அது உன் எடம்டி. அதுல நான் நின்னா, நீ வந்து எங்க நிப்ப?"

பதில் சொல்லத் தெரியாதவள் ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு உனக்கு சொல்தா வீட்டில் சம்பந்தம் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பத்துக்கு நம் பக்கம் அந்தப் பெயர்தானே. நீ கப்பல் போல ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரான்சுக்குப் போனாய். நான் டவுனில் மில் வேலைக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, பஞ்சுத் தூசியை விழுங்கி விழுங்கி, குரலில் பாதியை அங்கேயே விட்டேன். மீதிப் பாதியில் கல்யாணப் பூசைக்கும் சாவுக்கும் பாடினேன். நீ அங்கே பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்தாய். சாயங்காலம் ஒரு சின்ன ஓட்டலில், பியானோ வாசிக்கிற ஒரு மனிதரோடு பாடுகிறேன் என்று ஃபோனில் சொன்னாய். ஓட்டலில் சாப்பிடுகிறவன் பாட்டையா கேட்கப் போகிறான் என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஒருநாள் ஃபோன். "நான் பாட்றத தட்டுல போட்றாங்களாம்டி. இந்த வயசுல. எனக்கே சிரிப்பா வருது." நான் என் முட்டிக்குப் போட்ட ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நீயும் ஆர்வமாகத்தான் கேட்டாய். அதற்கப்புறம் நீ பாடியது டி.வி.யில் வந்தது, பேப்பரில் வந்தது, கடைசியில் செய்தி வந்தது. உன்னை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

உன் மகன் இங்கே உனக்கு ஒரு பூசை வைக்க வந்தான். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டு, காலைத் தொட்டு, இசைத்தட்டை மடியில் வைத்தான். நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

"இது ஜாஸ், பெரிம்மா. அமெரிக்கால பழைய பாட்டுங்க. ஒலகத்துல உள்ள பாடகருங்க எல்லாருமே இதத் திரும்பத் திரும்பப் பாடுவாங்க. ஆனா அம்மா மாரி யாரும் பாடலன்றாங்க. அம்மா மெட்டப் பாடவே மாட்டாங்க, மெட்டுக்குப் பக்கத்துலயே நடப்பாங்க. அங்க பெரிய பெரிய ஆளுங்க அதப் பத்தி எழுதறாங்க." பூசை முடிந்ததும் மண்டபத்தில் பாட்டுப் போடப்போவதாகவும், கூடப் பாடியவள் என்று நான் எழுந்து நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்றும் கேட்டான்.

கூடப் பாடியவள். நான்.

பார்க்கலாம்பா, உடம்பு எப்படி இருக்கிறதோ என்று சொல்லி அனுப்பினேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அங்கே போய் உட்கார்ந்தால், இத்தனை வருஷம் இந்த ஊரில் நான் பாடியதெல்லாம் உனக்குப் பக்கத்தில் நின்றதற்குச் சாட்சியாகச் சுருங்கிவிடும். எனக்கென்று இருந்தது அந்த ஒரு முதல் குரல்தான். அதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரவேண்டும்.

ஸ்டெல்லா தன் ஃபோனில் உன் பாட்டைத் தேடிப் போட்டாள். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எனக்கு மனசு குளிர்ந்தது. "மெட்டே இல்லையே! இதுக்கா இந்த ஆட்டம்?" என்றேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருங்க அத்தை, இதே பாட்ட வேற ஒருத்தங்க பாடினது இருக்கு, கேளுங்க" என்று எவளோ ஒருத்தி பாடியதைப் போட்டாள். அதில் மெட்டு இருந்தது. நல்ல மெட்டு, ஒரு தடவை கேட்டால் ஒட்டிக்கொள்கிற மாதிரி. பிறகு மறுபடியும் உன்னுடையதைப் போட்டுவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

நான் மீனைக் கிள்ளிக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தேன். பழக்கதோஷம். பியானோ ஆரம்பித்தது. முதல் வரிக்குப் பியானோ துணை மட்டும் வாசித்தது, நீ இல்லை. நான் இருந்தேன். இரண்டாவது வரியில் நீ வந்தாய், எனக்கு அடியில், என் இடது தோளுக்குப் பக்கத்தில், எப்போதும் வருகிற இடத்தில்.

மீன் சட்டியிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த பாட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். எந்தப் பாட்டிலும் நீ முதல் வரியைப் பாடவில்லை. எந்தப் பாட்டிலும் மெட்டில் நிற்கவில்லை. அந்தப் பெரிய பெரிய ஆட்கள் என்ன எழுதினார்களோ, அது நம் வாத்தியார் உனக்குப் பிரித்துக் கொடுத்த இரண்டாம் குரல். அம்மைக் கிறிஸ்துமஸில் ஊர் சிரித்ததே, அதே பாட்டு.

உடனே நான் அழுதிருப்பேன் என்று நினைக்காதே. எனக்கு வந்தது ஆத்திரம். இத்தனை வருஷம் என் இடத்தை விட்டுவைத்திருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஓட்டலில், எனக்குத் தெரியாத சனங்களுக்கு முன்னால், தினமும் என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாய். கைதட்டலை மட்டும் நீ வாங்கிக்கொண்டாய். காலியாக விட்டதற்கும் உனக்குத்தான் பேர். பாடிப் பாடித் தொண்டை கிழிந்தவளுக்கு ஒன்றுமில்லை.

அந்த ஆத்திரத்தோடேயே பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் ஃபிளெக்ஸ் பேனர். நீ ஆள் உயரத்துக்கு மேல், "பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தின் இசைக்குயில்" என்று. கீழே அஞ்சலி செலுத்துவோர் வரிசையில் கட்டைவிரல் அளவுக்கு நான். என் ரேஷன் கார்டுப் படத்தை எங்கிருந்து பிடித்தார்களோ, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன். பேனர் கட்டிய பையன்களைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே போனேன்.

மண்டபத்தில் சாமியார் பேசினார், பஞ்சாயத்து ஆள் பேசினார். உன்னை ஒரு தடவைகூடக் கேட்டிராதவர்கள் எல்லாம் பேசினார்கள். அப்புறம் உன் மகன் ஸ்பீக்கரில் அதே பாட்டைப் போட்டான். பியானோ. என் வாய் சும்மா இருக்கவில்லை. மெதுவாகத்தான் எடுத்தேன், ஆனாலும் பக்கத்து நாற்காலியில் இருந்த மீன்கார செபஸ்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவளும் அந்தக் காலத்துப் பாட்டுக்குழுதான், பின்வரிசை.

"இன்னாடி குறுக்கப் பாட்ற? அவ பாடிக்கினு இருக்கா, கேக்க வுடு."

"நான் குறுக்கப் பாடல. அவதான் எனக்குப் பின்னாடி பாடுறா."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. மண்டபம் முழுக்கத் திரும்பியது. இனிமேல் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் என்பார்கள். எழுந்து நின்றேன். "தம்பி, அத மொதல்லேர்ந்து போடுப்பா" என்றேன். நாலு வார்த்தை பேசப் போகிறேன் என்று நினைத்து அவன் மைக்கை நீட்டினான். எனக்கு எதற்கு மைக்?

பியானோ ஆரம்பித்தது. அந்த இங்கிலீஷ் எனக்கு எங்கே வரும்? வார்த்தை இல்லாமல் வெறும் மெட்டாக எடுத்தேன். மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. மில் தூசி, வேறென்ன. உடைந்ததோடு அப்படியே ஏறினேன். செபஸ்தி முந்தானையை விட்டுவிட்டாள். முதல் வரி முடிந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. வருவாளா, மாட்டாளா என்று அந்த ஒரு கணம் நிஜமாகவே பயந்தேன், ஸ்பீக்கரில் இருக்கிற பாட்டு எங்கே போய்விடும் என்று தெரிந்தும்.

இரண்டாவது வரியில் நீ வந்து சேர்ந்தாய்.

கடைசி வரைக்கும் பாடினோம். உன் மகன் ஸ்பீக்கர் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். "அப்ப இதான் அந்த முழுப் பாட்டா பெரிம்மா?" என்று அப்புறம் கேட்டான். ஆமாம்பா, இதுதான் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். உன் பேனரைப் பார்த்துத்தான் தட்டினார்கள், நான் கவனித்தேன்.

பொறாமை போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அந்தச் சிவப்பு உதட்டைப் பார்த்தால் இன்றைக்கும் எரிகிறது. ஆனால் உன்னைச் சுவர்ப் பக்கம் திருப்புவதை விட்டுவிட்டேன். சாயங்காலம் ஸ்டெல்லா ஃபோனில் உன்னைப் போட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கிறாள், நான் அடுப்படியில் நின்று எடுக்கிறேன். நீ உலகத்துக்கெல்லாம் பாடிவிட்டுப் போய்விட்டாய். பேரை எடுத்துக்கொண்டு போ. முதல் வரி என்னிடம் இருக்கிறது. நான் எடுக்காமல் நீ ஆரம்பிக்க முடியாது.