தொட்டில் இடுக்கில் தெரிந்த முள்

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

நீங்கள் நம்பமாட்டீர்கள். இதை எழுதுவது நானேதான். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. பேனா என் கையில்தான் இருக்கிறது. "மாப்பிள்ளை" என்று எழுத நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவது தாளில் சரியாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே செத்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நல்லா இருக்கிறது தெரியுமா உங்கள் முறைப்பெயர், எழுத்தில்?

எங்கள் ஊரில் மடவார் வளாகத் தெருவில் எங்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. டெய்லர் மகள்தான் சொல்லிக் கொடுக்கிறாள். எல்லாரும் பல் போன ஆட்கள். சிலேட்டுக்குச் சண்டை போடுகிறோம். இப்போது நான் பஸ் ஸ்டாண்டில் யாரிடமும் பஸ் கேட்பதில்லை. ஊருக்குப் போகிற வேலை இல்லாவிட்டாலும் அங்கே போய் நின்று போர்டுகளைச் சத்தமாகப் படிக்கிறேன். ஒரு நாள் கண்டக்டர் கத்தினார்: "யோவ் பெருசு, ஏறுதீரா இல்லியா?"

"ஏறலப்பா. படிக்கேன்," என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டார்கள்?

முதல் கடிதத்தைச் சந்தோஷமாகவே எழுதி முடிக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை, மாப்பிள்ளை. போன வாரம் உங்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"தாத்தா, எங்க அப்பா ரேஸ் ஓட்டிச் செத்துப்போனாகளாமே. நெசமா?"

அவளுக்கு எட்டு வயது. உங்களை அவள் பார்த்தது கண் சரியாகத் தெரியாத பச்சைப் பிள்ளையாக. உங்களைப் பற்றி ஊர் சொல்வதைத்தான் அவள் வைத்துக்கொண்டு வளரப்போகிறாளா? அந்தக் கேள்விதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

இந்தக் கடிதத்தை வேறு யாரும் படித்தால் புரிய வேண்டும் என்று டெய்லர் மகள் சொல்கிறாள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் நீங்கள் லேத் பட்டறை வைத்திருந்தீர்கள். மில்களுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பீர்கள். மலைமேல் எஸ்டேட்டில் யாரோ விட்டுப்போன பழைய ரேஸ் காரைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்து வந்தீர்கள். கிடைக்காத சாமானை எல்லாம் நீங்களே லேத்தில் கடைந்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து ஓட வைத்தீர்கள். கூரை கிடையாது. இரண்டே சீட்டு. தரையை ஒட்டிக்கொண்டு ஓடும்.

அது ஓட ஆரம்பித்த நாளில் இருந்து நீங்கள் வெறும் சேகர் இல்லை. "சிவப்புக் காரு சேகர்." ஹார்ன் அடித்தால், "ஊரைக் கூட்டுதான் பாரு." அடிக்காவிட்டால், "திமிரு, ஹார்ன்கூட அடிக்க மாட்டேங்கான்." அப்பன் காசு என்றார்கள். உங்கள் அப்பா நீங்கள் அரைக்கால் சட்டை போட்டிருக்கும்போதே போய்விட்டார் என்பது பாதிப் பேருக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னார்கள். ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்தி, "எந்த மில் முதலாளி மகன்?" என்று கேட்டாராம். லேத் பட்டறை என்று நீங்கள் சொன்னதும், "பொறவு காரு ஏதுலே? கடத்தலா?" என்றாராம். நீங்கள் என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தீர்கள். அப்போது உங்கள் கை மட்டும் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

சம்பந்தம் பேச வந்தபோது என் அக்கா வீட்டையே இரண்டாக்கினாள்.

"ஏலே, ரெண்டு சீட்டுக் காரு வச்சிருக்கிறவன் குடும்பம் நடத்துவானா? ஒரு சீட்டு அவனுக்கு. இன்னொரு சீட்டுல இன்னைக்கு ஒருத்தி, நாளைக்கு ஒருத்தி. பெத்த தாயை எங்கலே வைப்பான்? பின்னால கயிறு கட்டி இழுத்துட்டுப் போவானா?"

பெண் பார்க்க நீங்களும் உங்கள் அம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். அக்கா வாசலில் நின்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்தாள். "காரு எங்க?" என்று கேட்டாள். "பஸ்லதான் வந்தோம் பெரியம்மா," என்றீர்கள். அக்கா அடுப்படிக்குள் வந்து என் காதில் சொன்னாள்: "பொண்ணு பாக்கவே பஸ்ஸுல வாரான். கருமிப் பயலா இருப்பான் போலருக்கே!"

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. எப்படி வந்தாலும் இந்தப் பையனை விடமாட்டார்கள் போல என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே என் மகள் செல்வியை உங்களுக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

பொறவு அந்த நாள் வந்தது. எழுதத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று இந்த இடத்தில் தோன்றுகிறது.

பிள்ளை பிறந்து, தொட்டிலில் போடும் நாள் நெருங்கியிருந்தது. ராஜபாளையத்தில் ஆசாரியிடம் நான் மரத்தொட்டில் செய்யச் சொல்லியிருந்தேன். எடுத்துவர வண்டி பார்க்கலாம் என்றேன். "என் மகளுக்குத் தொட்டில், என் கார்லதான் வரணும் மாமா," என்றீர்கள். அந்தக் காரில் எங்கே வைப்பது? என்னைச் சீட்டில் உட்கார வைத்து, தொட்டிலை என் மடியில் ஏற்றி, கயிற்றை உங்கள் சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் உங்கள் பக்கத்து ஓரத்தில் கட்டினீர்கள். தலையில் துண்டு கட்டிய கிழவன் தொட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரேஸ் காரில் போகிறான்! வழியெல்லாம் ஜனம் நின்று பார்த்துச் சிரித்தது.

எனக்கு ரோடு தெரியவில்லை. தொட்டில் மறைத்துக்கொண்டது. அதன் கட்டைகளின் இடுக்கு வழியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, உங்கள் முன்னால் இருந்த மீட்டர். அதில் ஒரு முள் ஆடாமல் நின்றது. அந்த முள்ளின் நுனியில் தலை குனிந்த கொக்கு மாதிரி ஒன்றும், பக்கத்தில் முட்டை மாதிரி ஒன்றும் எழுதியிருந்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சைக்கிளில் பால் கேனோடு ஒருத்தர் நம் பக்கத்திலேயே வந்தார். "என்ன பெரியவரே, பேரனா பேத்தியா?"

"பேத்தி!" என்றேன்.

"இப்பிடிக் கார்ல போறதுக்கு என் கேரியர்ல ஏறியிருந்தா, இந்நேரம் வீடு போய்ச் சேந்து, பேத்தி தொட்டில்ல தூங்கியிருக்கும்!" என்று சொல்லி நம்மை முந்திக்கொண்டு போனார். நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நான் கடைசியாகக் கேட்ட உங்கள் சிரிப்பு அதுதான்.

கண்மாய்க்கரை தாண்டியதும், தொட்டில் கால் என் முழங்காலை அழுத்தியது. நீங்களே என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரத்தில் நிறுத்தினீர்கள். இறங்கி நின்று, உங்கள் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தீர்கள். "மாமா, காலை அந்தப் பக்கம் நகட்டுங்க. இப்ப வலிக்காது," என்றீர்கள். எதையோ முந்திக்கொண்டு வந்த லாரியின் சத்தம் கேட்டது. காரில் உடைந்தது பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றுதான். தொட்டிலில் ஒரு கீறல் இல்லை. உங்களை இடித்த லாரி நிற்கவே இல்லை.

ஓடிவந்தவர்களில் முதல் ஆள் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தான். "ஏலே, சிவப்புக் காரு சேகர்லே! நான் அன்னைக்கே சொல்லல, இவன் ஒருநாள் இப்பிடித்தான் போவான்னு!"

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "எம்புட்டுக் குடிச்சிருந்தான்?" பனங்கற்கண்டுப் பால் குடித்தார் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

விசாரணையில் ஒரு அதிகாரி, எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டார்.

"வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சுய்யா."

"அதுக்கு முன்னாடி?"

"மெதுவா வந்தோம்யா. சைக்கிள்காரர் ஒருத்தர் எங்களை முந்திப் போனாரு."

அறையில் இருந்த எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "ரேஸ் காரைச் சைக்கிள் முந்துச்சா? சரி, மீட்டர்ல எத்தனை காட்டுச்சு?"

"எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதுங்கய்யா."

"படிக்கத் தெரியாது, பொறவு மெதுவான்னு எப்படிச் சொல்றீரு? மருமகன் போன துக்கத்துல ஏதோ பேசுறீரு. போயி உக்காரும்."

போய் உட்கார்ந்தேன், மாப்பிள்ளை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன் இந்த வருஷம் சிலேட்டைத் தூக்கிக்கொண்டுதான் எழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்காக இந்த வயதில் படிக்கிறீர் என்று டெய்லர் மகள் கேட்டபோது, பஸ் போர்டு படிக்க என்று பொய் சொன்னேன்.

காரைத் தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். தொட்டிலும் அங்கேதான் கிடந்தது. செல்வி அதில் பிள்ளையைப் போடவில்லை. சேலையில் தூளி கட்டித்தான் வளர்த்தாள். கொட்டகைப் பக்கமே அவள் வருவதில்லை. ஒன்று கேட்பீர்களா? அந்த நாளைப் பற்றி அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, நானாகவும் பேச்சை எடுக்கவில்லை. துக்கம் என்று நினைத்திருந்தேன்.

பேத்தி கேள்வி கேட்டதும் அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். தார்ப்பாயை விலக்கினேன். தூசி இரண்டு பேருக்கும் தும்மலை வரவைத்தது. அவளை உங்கள் சீட்டில் உட்கார வைத்தேன். நான் என் சீட்டில் உட்கார்ந்தேன். கார் ஓரத்தில் கிடந்த தொட்டிலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"எதுக்கு தாத்தா?"

"பேசாம இரு."

அதே இடுக்கு வழியாகப் பார்த்தேன். முள் கீழே விழுந்து கிடந்தது. ஆனால் அது அன்றைக்கு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். கொக்கைத் தேடினேன். இருந்தது. பக்கத்தில் முட்டையும் இருந்தது. வகுப்பில் தனித்தனியாகத்தான் அவற்றைப் படித்திருந்தேன். இப்போது சேர்த்துப் படித்தேன். விரலை நீட்டி, "இது என்ன, சொல்லு," என்றேன்.

"இருபது தாத்தா."

"இருபதுதானே? நல்லாப் பாரு."

"இருபதுதான். எங்க டீச்சர் டிவிஎஸ்லயே இதைவிட வேகமாப் போவாங்க!"

"உங்க அப்பா இருபதுலதான் வந்தாரு, தாயி. உன் தொட்டில் குலுங்கிரக் கூடாதுன்னு."

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. செல்வி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவிய வேகமா வரலையாப்பா?"

எட்டு வருஷம், மாப்பிள்ளை. உங்களோடு வாழ்ந்தவளே அந்தக் கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, கேட்டால் என்ன பதில் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் இருந்திருக்கிறாள். ஊர்ப் பேச்சு அவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது. "இல்லம்மா. இருபது," என்றேன். அவள் கார் பக்கத்தில் வந்து, உடைந்த கண்ணாடி இருந்த இடத்தில் கையை வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் தடுக்கவில்லை. பிள்ளை மட்டும் இறங்கிப் போய் அவள் முதுகில் சாய்ந்துகொண்டது.

இங்கே இன்னொரு சேதி. பஞ்சு வியாபாரி மகன் ஒருத்தன் மஞ்சளில் ஒரு ரேஸ் கார் வாங்கியிருக்கிறான். டீக்கடையில் அதே பேச்சு. "இந்தப் பய எத்தனை நாளைக்கோ!" என்றான் ஒருத்தன். "அவன் எத்தனைல போனான்? மீட்டரைப் பாத்தீரா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்தாலே தெரியுமய்யா," என்றான். "எனக்கு நம்பர் படிக்கத் தெரியும். எந்த மீட்டரானாலும் வாரும், போய்ப் பார்ப்போம்," என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரி, உங்கள் அத்தையும் போன ஆடியில் அங்கே வந்து சேர்ந்துவிட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. இதைப் படித்துக் காட்டுங்கள். கொக்கும் முட்டையும் வரும் இடத்தை மெதுவாகப் படியுங்கள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காரை விற்கமாட்டோம். செல்வி நேற்றுத் தானே ஒரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கால் எட்டுகிற வயது வரும்போது உங்கள் மகள் அதை ஓட்டுவாள். பொம்பளைப் பிள்ளை ரேஸ் கார் ஓட்டினால் ஊர் என்னென்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? பேசட்டும். நான் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, மீட்டரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவேன்.

உங்கள் பக்கத்துச் சீட்டை இன்னும் விடாத
மாமன்