கச்சான் காலத்துச் சுறா

நம் மகள் உன் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தப் பழைய சஞ்சிகையை எடுத்து வெளியே வைத்தாள். கற்பூர வாசம் அடித்தது. அட்டையில் ஒரு பெரிய வாய். அதற்குள் ஒரு மனிதர் நிமிர்ந்து நிற்கிறார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நீ எனக்கு வாசித்துக் காட்டிய அதே சுறா.

நீ என்னை விட்டு மௌத்தாகிப் போன பிறகுதான் நான் தமிழ் எழுத்துப் படித்தேன். குர்ஆன் ஓதத் தெரிந்தவனுக்குச் சொந்தப் பாஷையை வாசிக்கத் தெரியவில்லையே என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பாய்! இப்போது மகள் சொல்லித் தந்து, கடைப் பலகை, மருந்துப் போத்தல், பஸ்ஸின் நெற்றி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். இந்த மடலையும் நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் பிளேன்டீ ஆறிப்போகிறது.

நீ அதை வாசித்துக் காட்டிய அந்த வருஷம் கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து அடிக்கும் அந்தச் சூட்டுக்காற்றில் நம் சாய்ந்தமருதுக் கரையில் மணல் காலைச் சுடும். தண்ணீரோ ஐஸ் போலக் குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிரில் இறங்கிவிட்டு வந்தால் எனக்கு மூச்சிழுப்பு வரும். கடலை விட்டுவிடச் சொன்னார் டாக்குத்தர். நீ அழுதாய், ஏசினாய், என் சாரனை ஒளித்துவைத்தாய். நான் வேறு சாரனைக் கட்டிக்கொண்டு போனேன்.

பிறகு ஒரு பின்னேரம் இந்தச் சஞ்சிகையோடு வந்து பக்கத்தில் இருந்தாய்.

“இஞ்ச கேளுங்க. மெகலடோன் எண்டு ஒரு சுறாவாம். நம்மட தோணி மூணை ஒண்டாக் கட்டின நீளம்.”

“பொய்.”

“எழுதியிரிக்கி.”

அந்தச் சொல்லைக் கேட்டால் நான் எதையும் நம்பிவிடுவேன்.

வரிக்குக் கீழே விரலை நகர்த்தி நகர்த்தி வாசித்தாய். தண்ணீர் குளிர்ந்தால் பெரும்பாலான மீன்களின் உடம்பும் குளிர்ந்துபோகும். அந்தச் சுறா அப்படியில்லையாம். நீந்தும்போது தசையில் உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளுமாம். அதனால் குளிர்ந்த கடலிலும் வேகம் குறையாமல் வேட்டையாடுமாம். நான் இன்னும் கிட்ட நகர்ந்து இருந்தேன். பக்கத்தைத் திருப்பினாய். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

“கச்சான் காலத்துல கரைத் தண்ணி குளிருமே, அந்த நேரம் பார்த்து இது நம்மட ஒலுவில் கரைப் பக்கமும் வருமாம்.”

“ஒலுவில் எண்டா எழுதியிரிக்கி?”

“பின்ன, நானா சொல்றன்?”

அந்தக் கச்சானுக்கு நான் கடலில் இறங்கவில்லை. அடுத்த கச்சானுக்கும் இல்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்றும் உன்னை மச்சி என்றும் கூப்பிடும் என் தோணிக் கூட்டாளி கரையில் நின்று கத்துவான்: “காக்கா, சுறாவுக்குப் பயமா, மச்சிக்குப் பயமா?”

“நீயே வாசிச்சுப் பாருடா” என்பேன். அவனுக்கும் வாசிக்கத் தெரியாது.

பின்னேரங்களில் நாம் இருவரும் மணலில் போய் இருப்போம். கடலுக்குள் எங்கோ ஒரு பெரிய சூடு மெல்ல நீந்துகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பேன். சுற்றிலும் குளிர், நடுவில் அது மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பானை போல. நித்திரையில் சில நேரம் அது நம் முற்றம்வரை நீந்தி வந்து, ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போகும். “அந்தா, நிழல்!” என்று நீ கை நீட்டுவாய். நான் பார்ப்பதற்குள் அலை மூடிவிடும்.

இன்று எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தேன். பக்கத்தைத் திருப்பினால் ஒலுவிலும் இல்லை, கச்சானும் இல்லை. கடல் குளிரக் குளிர இரை குறைந்ததாம், இடம் மாறியதாம். அவ்வளவு பெரிய உடம்பைச் சூடாக வைத்திருக்க மலைபோல் தீன் வேண்டும். சின்னச் சுறாக்கள் அதே இரைக்குப் போட்டி போட்டு, கொஞ்சத்தோடு பிழைத்துக்கொண்டன. ஆராய்ச்சிக்காரர் அப்படித்தான் நினைக்கிறார்களாம். குளிரைத் தாங்க உதவிய சூடே கடைசியில் பெரும் பசியாகிவிட்டது. முடிவில் இருந்த சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டேன். அழிந்துவிட்டது. மனிதர் பிறப்பதற்கு மிக முன்பே.

அந்தச் சொல்லுக்குக் கீழேயும் உன் விரல் போயிருக்கிறது. அப்போது உன் வாய் “வருமாம்” என்று சொல்லியிருக்கிறது!

நான் சிரித்த சிரிப்பில் மகள் குசினியிலிருந்து ஓடிவந்தாள். “என்ன வாப்பா?”

“உங்கட உம்மா என்னை ஏமாத்திப் பேய்க்காட்டிட்டா.”

“இப்பதான் தெரியுமா?” என்றாள் அவள்.

இழுப்புக்குப் பயந்து கரையில் நிற்க எனக்கு வெட்கம். உலகத்திலேயே பெரிய சுறாவுக்குப் பயந்து நிற்க வெட்கமில்லை. அதை நீ எப்படித் தெரிந்துவைத்திருந்தாய்?

பின்னேரம் கூட்டாளி வந்தான். நாளைக்குத் தோணிக்கு ஓர் ஆள் குறைவாம். கடலில் இனி என்னைத் தடுக்க ஒன்றுமில்லை.

“எனக்கு இழுப்பு வரும்டா. நீ போயிட்டு வா” என்றேன். அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தரம். அவன் பகிடி பண்ணவில்லை. “சரி காக்கா” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வெளியே காற்று அனலாய் அடிக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிறேன். மூச்சு சீராகப் போய்வருகிறது. அதை நீ எனக்கு விட்டுப்போனதாகவே வைத்திருக்கிறேன்.